பி1 ஜெர்மன் தேர்வில் மதிப்பெண்கள் எங்கே போகின்றன? எல்லையோரத் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலூகாவில், வேலந்தாவளம் தொடங்கி கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வரை, ஜெர்மன் பாடப்புத்தகம் இருக்கும் தமிழ் வீடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. பெரும்பாலும் நர்சிங் முடித்த பெண்கள். அடுத்தபடியாக, ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்குப் போக நினைக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள். வெளிநாடு வாழ் கேரளர்களுக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்கா ரூட்ஸ் 2021 டிசம்பரில் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையுடன் 'ட்ரிபிள் வின்' என்ற செவிலியர் வேலைவாய்ப்புத் திட்டத்துக்காகக் கைகோத்த பிறகு இந்த ஆர்வம் இன்னும் கூடியது. அந்தத் திட்டத்தில் செவிலியர்கள் பி1 என்ற மொழி நிலை வரை இங்கே படித்துவிட்டு, அதற்கு அடுத்த நிலையான பி2-வை ஜெர்மனியில் முடிக்கிறார்கள். பயணத்துக்கு முன் நிற்கும் கடைசிப் பெரிய தேர்வு பி1தான்.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. ஜெர்மன் வராமல் மதிப்பெண் இழப்பதைவிட, கேள்வி கேட்டதைச் செய்யாமல் இழப்பதே அதிகம். இன்னொன்றும் உண்டு. தமிழும் மலையாளமும் கையில் இருக்கும் இவர்கள், ஆங்கிலத்தின் வழியாகவே ஜெர்மனைப் படித்து, தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் உதவியைத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி முழுக்க இந்த இரண்டைச் சுற்றியதுதான்.

ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். சொல்லை அடையாளம் காட்ட மட்டுமே அது. உச்சரிப்பை ஒலிப்பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பேசுதல் பகுதியில் சொல்கிறேன்.

படி 1: எந்தத் தேர்வு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பி1 என்பது நிலையின் பெயர். ஒரு தேர்வின் பெயர் அல்ல. கோத்தே, டெல்க், ஓஎஸ்டி என்று பல அமைப்புகள் அந்த நிலைக்குத் தேர்வு வைக்கின்றன. கோத்தே பி1 தேர்வை, கோத்தே நிறுவனமும் ஆஸ்திரியாவின் ஓஎஸ்டியும் சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின. 2013 முதல் இந்த வடிவம் நடைமுறையில் இருக்கிறது. டெல்க் தேர்வின் அமைப்பு வேறு. அதில் இலக்கணமும் சொல்லும் சோதிக்கும் தனிப் பகுதி உண்டு. கோத்தேயில் அது இல்லை. டெல்க் பயிற்சிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கோத்தே தேர்வுக்கு மாதக்கணக்கில் தயாராகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. புத்தகத்தின் அட்டையில் எந்தத் தேர்வின் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

உங்களை அனுப்பும் நிறுவனம் எந்தச் சான்றிதழை ஏற்கும், எவ்வளவு காலத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். தேர்வு எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று சொல்பவர்களின் பக்கம் திரும்பவே வேண்டாம். சான்றிதழின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க வழி இருக்கிறது. பிடிபட்டால் போவது பணம் மட்டுமல்ல, விசா வாய்ப்பும் சேர்த்துத்தான்.

இனி வருவதெல்லாம் கோத்தே பி1 பற்றியது. நம் பக்கத்தில் கோயம்புத்தூரிலும் திருவனந்தபுரத்திலும் கோத்தே சென்ட்ரம் இருக்கிறது. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் கோத்தே நிறுவனத்தின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவன் அருகில்.

படி 2: மதிப்பெண் கணக்கை மனத்தில் பதியுங்கள்

நான்கு பகுதிகள்: வாசித்தல் 65 நிமிடம், கேட்டல் ஏறத்தாழ 40 நிமிடம், எழுதுதல் 60 நிமிடம், பேசுதல் இருவர் சேர்ந்து ஏறத்தாழ 15 நிமிடம். ஒவ்வொரு பகுதிக்கும் 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 60 எடுக்க வேண்டும். ஒரு பகுதியில் 95 எடுத்தாலும் அது இன்னொன்றில் எடுத்த 55-ஐக் காப்பாற்றாது. இதனால்தான், வாசித்தலில் கெட்டிக்காரராக இருந்துகொண்டு தினமும் வாசித்தலையே பயிற்சி செய்வது தவறு. நன்றாக வருவதைச் செய்ய மனம் இழுக்கும். வராததை முதலில் எடுங்கள்.

நான்கையும் ஒரே நாளில் எழுதியாக வேண்டும் என்பதில்லை. தனித்தனியாகவும் பதிவு செய்யலாம். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களுக்கு நான் சொல்வது: வாசித்தலையும் கேட்டலையும் ஒரு முறையும், எழுதுதலையும் பேசுதலையும் இன்னொரு முறையும் வைத்துக்கொள்ளுங்கள். பயணமும் செலவும் கூடும். ஆனால் களைத்த தலையோடு நான்கையும் எழுதி இரண்டைக் கோட்டைவிடுவதைவிட இது நல்லது.

படி 3: ஆங்கிலம் வழியாகப் படிப்பதை நிறுத்துங்கள்

நம் பிள்ளைகளின் நோட்டில் ஜெர்மன் சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலப் பொருள்தான் இருக்கும். அங்கேதான் பிழைகள் முளைக்கின்றன. 'வெர்' என்றால் யார், 'வோ' என்றால் எங்கே. ஆங்கிலக் காதுக்கு இவை அப்படியே மாறிக் கேட்கும். 'இஷ் வில்' என்பது எதிர்காலம் இல்லை, வேண்டும் என்ற விருப்பம். அதிகாரியிடம் சொன்னால் முரட்டுத்தனமாக ஒலிக்கும். 'பெகொம்மென்' என்றால் ஆவது அல்ல, கிடைப்பது. 'ஆல்ஸோ' என்றால் ஆகவே. 'ஷெஃப்' சமையல்காரர் அல்ல, மேலதிகாரி. கேட்டல் பகுதியில் இந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு மதிப்பெண்ணைப் பறிக்கக்கூடியது.

தமிழ் வழியாக யோசித்தால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். எனக்குக் குளிர்கிறது என்பதை ஆங்கிலம் வழியாகப் போனவர்கள் 'இஷ் பின் கால்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். ஜெர்மானியர் சொல்வது 'மிர் இஸ்ட் கால்ட்'. அதாவது நம்மைப் போலவே 'எனக்கு'. அது எனக்குப் பிடிக்கிறது: 'டாஸ் கெஃபெல்ட் மிர்'. எனக்குத் தலை வலிக்கிறது: 'மிர் டூட் டெர் கோப்ஃப் வே'. உனக்கு உதவுகிறேன்: 'இஷ் ஹெல்ஃபெ டிர்'. டாட்டிவ் என்று புத்தகம் பயமுறுத்துவது, பெரும்பாலான இடங்களில் நம் நான்காம் வேற்றுமைதான். பள்ளிக்குப் போகிறேன், பள்ளியில் இருக்கிறேன் என்று நாம் உருபை மாற்றுவதைத்தான் அவர்கள் 'இன் டீ ஷூலெ', 'இன் டெர் ஷூலெ' என்று ஆர்ட்டிகிளை, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சிறு சொல்லை, மாற்றிச் செய்கிறார்கள். போகும் இடம் அக்குஸாட்டிவ் (நம் இரண்டாம் வேற்றுமை போன்றது), இருக்கும் இடம் டாட்டிவ்.

எல்லா இடத்திலும் இது பொருந்தாது. அவருக்குப் போன் செய்தேன், அவரிடம் கேட்டேன் என்று நாம் சொல்வோம்; ஜெர்மனில் இரண்டுமே அக்குஸாட்டிவ். இப்படி மாறுகிறவற்றை மட்டும் தனிப் பட்டியலாக எழுதி வையுங்கள். அது சிறிய பட்டியலாகத்தான் இருக்கும்.

வினை விகுதியிலும் தமிழ் கைகொடுக்கும். மலையாளத்தில் ஞான், நீ, அவன் மூவருக்கும் 'போகுன்னு' ஒன்றே போதும். அதனால் மலையாள வழியில் படித்த பிள்ளைகள் ஜெர்மன் வினையின் கடைசி எழுத்தை விட்டுவிடுவதுண்டு. தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான் என்று மாற்றுகிறோமே, அதே போலத்தான் 'இஷ் கேயெ, டூ கேஸ்ட், ஏர் கேட்'. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வினைக்கும் யார் செய்வது என்று கேட்டு விகுதியைச் சரிபாருங்கள்.

வாக்கிய அமைப்பில் பி1 மாணவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இரண்டு விதிகளில் அடங்கிவிடும். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில். வாக்கியத்தை 'இன்று' என்று தொடங்கினால் அடுத்தது வினை, அதற்கப்புறம்தான் 'நான்': 'ஹொய்ட்டெ கேயெ இஷ்'. 'ஹொய்ட்டெ இஷ் கேயெ' என்பது ஆங்கிலத்தின் வேலை. இரண்டாவது விதி, 'வைல்' (ஏனெனில்), 'டாஸ்' (என்று), 'வென்' (என்றால்), 'ஓப்வோல்' (இருந்தாலும்) வந்தால் வினை கடைசிக்குப் போகும்: 'வைல் இஷ் க்ராங்க் பின்'. வினையைக் கடைசியில் வைப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கிலத்தை நடுவில் நுழையவிடாமல், அந்தத் துண்டை மட்டும் தமிழில் நினைத்துப் பாருங்கள், தானாக வரும். 'டெஸ்ஹால்ப்' (அதனால்), 'ட்ரோட்ஸ்டேம்' (அப்படியிருந்தும்) இரண்டும் வேறு வகை. அவை தாமே முதல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அடுத்தது வினை: 'டெஸ்ஹால்ப் கொம்மெ இஷ்'. 'டென்' (ஏனென்றால்) வந்தால் எதுவும் மாறாது.

கடந்த காலத்தில் போவது, வருவது, பயணம் செய்வது போன்ற இடப்பெயர்ச்சி வினைகளும் 'ப்லைபன்' (தங்குவது) போன்ற சிலவும் 'பின்', 'இஸ்ட்' எடுக்கும். 'ஹாபெ கெகாங்கன்' என்று எழுதுவது கண்ணை உறுத்தும் பிழை. பெயர்ச்சொல்லை ஆர்ட்டிகிளோடும் பன்மையோடும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். அதற்குக் குறுக்குவழி இல்லை.

படி 4: வாசித்தல்

ஐந்து பிரிவுகள், 30 கேள்விகள். 18 சரியாக இருந்தால் தேறிவிடலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. எதையும் காலியாக விடாதீர்கள். விடைகளை விடைத்தாளுக்கு மாற்றும் நேரமும் அந்த 65 நிமிடத்துக்குள்ளேயே அடங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பிரிவும் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் பிரிவில் விளம்பரங்களை ஆட்களோடு பொருத்த வேண்டும். ஏழு பேரில் ஒருவருக்குப் பொருத்தமான விளம்பரம் இருக்காது. அங்கே பூஜ்யம் எழுத வேண்டும். எடுத்துக்காட்டில் பயன்படுத்திய விளம்பரத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒரே சொல் இரண்டு பக்கமும் வந்ததைப் பார்த்துப் பொருத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. மாலை நேர நீச்சல் வகுப்பு தேடும் பெண்ணுக்கு, நீச்சல் என்ற சொல் இருக்கும் விளம்பரம் கண்ணில் படும். உள்ளே படித்தால் அது குழந்தைகளுக்கு, அதுவும் காலையில். ஆளின் நிபந்தனைகளை அடிக்கோடிட்டு, அத்தனையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

நான்காம் பிரிவு நல்ல மாணவர்களையும் சறுக்க வைக்கும். ஒரு தடையைப் பற்றிப் பலர் கருத்து எழுதியிருப்பார்கள். அந்த நபர் தடையை ஆதரிக்கிறாரா என்பது கேள்வி. ஒருவர் கணினி விளையாட்டால் பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று பாதிக் கடிதம் எழுதிவிட்டு, ஆனாலும் தடை உதவாது, பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிப்பார். விளையாட்டை எதிர்க்கிறார், தடையையும் எதிர்க்கிறார். விடை 'இல்லை'. கேள்வி எதைப் பற்றியது என்பதை விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கடிதங்களுக்குள் போக வேண்டும். முடிவு பெரும்பாலும் கடைசி வரிகளில் இருக்கும்.

ஐந்தாம் பிரிவு வீட்டு விதிகள், நூலக விதிகள் போன்றவை. 'நூர்' (மட்டும்), 'அவ்ஸர்' (தவிர) ஆகிய இரண்டு சொற்களும் வரும் இடத்தில் நின்று படியுங்கள்.

படி 5: கேட்டல்

முதல் பிரிவும் நான்காம் பிரிவும் இரண்டு முறை ஒலிக்கும். இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் ஒரே முறைதான். மாதிரித் தேர்வை வீட்டில் செய்யும்போது ஒலிப்பதிவை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிக் கேட்டால், தேர்வறையில் அந்த ஒரு முறை போதாமல் போகும். வீட்டிலும் நிறுத்தாதீர்கள். காதில் இயர்போன் வைத்துக் கேட்டு மட்டும் பழகாதீர்கள். மின்விசிறி சுற்றும் அறையில் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பழகுங்கள்.

முதல் பிரிவின் அறிவிப்புகளில் மூன்று விடைகளும் ஏதோ ஒரு வகையில் காதில் விழும். ரயில் ஒன்பது மணிக்கு என்பார்கள், பிறகு இன்று மட்டும் பத்தரைக்கு என்பார்கள். முதலில் கேட்டதைக் குறித்துவிடுவது பிழை. 'லைடர்' (வருந்தத்தக்க வகையில்), 'ஆபர்' (ஆனால்), 'டோஹ்' (இருந்தாலும்) என்று வந்தால் அடுத்து வருவதுதான் விடையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எண்ணும் நேரமும் தனிப் பயிற்சி வேண்டுபவை. ஜெர்மனில் 21 என்பதை ஒன்றும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்வார்கள். 'ஹால்ப் ஆஹ்ட்' என்றால் எட்டரை இல்லை, ஏழரை. மருந்து கொடுக்கும் நேரத்தைக் கேட்டுக் குறிக்கப்போகும் செவிலியருக்கு இது தேர்வோடு முடிகிற விஷயமும் அல்ல. பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் எண்களை ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள். வாளையார் சாலையில் வண்டிக்குப் பஞ்சமில்லை.

இரண்டு, மூன்று, நான்காம் பிரிவுகளில் ஒலி தொடங்குவதற்கு முன் கேள்விகளைப் படிக்க ஒரு நிமிடம் தருவார்கள். அந்த நிமிடத்தில் முழு வாக்கியங்களைப் படித்துப் புரிந்துகொள்ள முயல்வதைவிட, கேள்விக்கு ஒரு முக்கியச் சொல்லை அடிக்கோடிடுவது பயன் தரும். ஒரு விடை தவறிப்போனால் அதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். போனதை நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டும் போகும். நான்காம் பிரிவில் யார் எதைச் சொன்னார் என்பது கேள்வி. முதல் முறை கேட்கும்போதே மூன்று குரல்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். தொகுப்பாளர் கேள்வியாகச் சொன்னதை விருந்தினரின் கருத்து என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. முடிவில் விடைத்தாளுக்கு மாற்ற ஐந்து நிமிடம் உண்டு.

படி 6: எழுதுதல்

நம் பகுதியில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான் என்பது என் கணிப்பு. முதல் பணி நண்பருக்கு மின்னஞ்சல், ஏறத்தாழ 80 சொற்கள், 40 மதிப்பெண். இரண்டாவது, ஒரு கருத்துக்கு உங்கள் எண்ணம், அதுவும் 80 சொற்கள், 40 மதிப்பெண். மூன்றாவது, மரியாதையான சிறு மின்னஞ்சல், 40 சொற்கள், 20 மதிப்பெண்.

நான்கு அளவுகோல்களில் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதை நிறைவேற்றியிருக்கிறீர்களா, கோவையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். முதலாவதில் பூஜ்யம் வாங்கினால் மற்ற மூன்றையும் பார்க்கவே மாட்டார்கள்; அந்தப் பணி முழுவதும் பூஜ்யம். தலைப்பைவிட்டு விலகினாலோ, கேட்ட சொல் எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவாக எழுதினாலோ அது நடக்கும். பிழையில்லாத அழகான ஜெர்மனில் வேறொன்றை எழுதுவதைவிட, சில பிழைகளோடு கேட்டதை எழுதுவது எவ்வளவோ மேல்.

முதல் பணியில் மூன்று குறிப்புகள் இருக்கும். புதிய வீட்டுக்குக் குடிபோயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: வீட்டை விவரியுங்கள், ஏன் மாறினீர்கள் என்று காரணம் சொல்லுங்கள், நண்பர் வந்து பார்க்க ஒரு யோசனை சொல்லுங்கள். நம் பிள்ளைகள் வீட்டைப் பற்றி அறுபது சொற்கள் எழுதி மகிழ்ந்துவிட்டு, காரணத்தை ஒரு வரியில் முடித்து, யோசனையை மறந்துவிடுவார்கள். எழுதத் தொடங்குமுன் வினைச்சொற்களை வட்டமிடுங்கள். விவரி என்றால் எப்படி இருக்கிறது என்று இரண்டு, மூன்று வாக்கியம். காரணம் சொல் என்றால் 'வைல்' கட்டாயம் வர வேண்டும். யோசனை சொல் என்றால் நாள், நேரம், இடம். ஒவ்வொரு குறிப்புக்கும் குறைந்தது இரண்டு வாக்கியம் எழுதி, அடுத்ததற்குப் போங்கள். 80 என்றால் 80-இலிருந்து 100 வரை போதும். நீளம் கூடக்கூடப் பிழையும் கூடும்.

இரண்டாம் பணிக்கு மனப்பாட வார்ப்புகளை யாரோ எல்லோருக்கும் கொடுத்துவைத்திருக்கிறார்கள். 'மைனர் மைனுங் நாஹ்' (என் கருத்துப்படி) என்று தொடங்கி, நன்மையும் உண்டு தீமையும் உண்டு என்று எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற எட்டு வரிகள். மதிப்பிடுபவருக்கு அது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கேள்வித்தாளில் ஒருவர் ஒரு கருத்தை எழுதியிருப்பார். அதை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று முதலில் சொல்லி, உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொடுங்கள். இணையத்தில் பொருள் வாங்குவது பற்றிக் கேட்டால், கொழிஞ்சாம்பாறைக் கடைக்காரர் கடனுக்குக் கொடுப்பார், இணையம் கொடுக்காது என்று எழுதலாம். எளிய சொற்கள்தான், ஆனால் அது உங்களுடைய கருத்து.

மூன்றாம் பணியில் நீ, நீங்கள் குழப்பம்தான் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஆசிரியருக்கோ அலுவலகத்துக்கோ எழுதும்போது 'ஸீ' (நீங்கள்), 'ஈனன்' (உங்களுக்கு), 'ஈர்' (உங்கள்). தொடக்கம் 'ஸேர் கெயேர்ட்டெ ஃப்ராவ்', முடிவு 'மிட் ஃப்ராய்ன்ட்லிஷன் க்ரூஸன்'. தலைமையாசிரியரிடம் நீ என்று எழுத நம் கை வராது அல்லவா. ஆங்கிலத்தில் நினைத்தால் மட்டுமே இந்தப் பிழை நேர்கிறது. வர முடியவில்லை என்று சொல்ல வேண்டுமானால் மன்னிப்பு, காரணம், மாற்று நாள் மூன்றும் இருக்கட்டும்.

நேரம் போதாமல் இந்த மூன்றாம் பணியையே விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. கணக்குப் பாருங்கள்: 20 போய்விட்டால் மீதி 80-இல் 60 எடுத்தாக வேண்டும். ஆகவே முதல் பணி முடிந்ததும் மூன்றாவதை எழுதிவிட்டு இரண்டாவதுக்கு வரும்படி சொல்கிறேன். முதலாவதுக்கு 20 நிமிடம், மூன்றாவதுக்கு 15, இரண்டாவதுக்கு 25 என்பதுதான் பரிந்துரைக்கப்பட்ட பங்கீடு. ஒவ்வொன்றிலும் கடைசி மூன்று நிமிடத்தைத் திருத்தத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருத்தும்போது பார்க்க வேண்டியது: தமிழிலோ மலையாளத்திலோ பெரிய எழுத்து என்ற ஒன்று இல்லாததால், ஜெர்மன் பெயர்ச்சொற்களின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுத மறக்கிறோம். மரியாதைச் சொல் 'ஸீ'யும் பெரிய எழுத்தில்தான். உயிரெழுத்தின் மேல் வரும் இரட்டைப் புள்ளிகளை விட்டால் அது எழுத்துப் பிழை. விளிப்புக்குப் பிறகு காற்புள்ளி, அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும். முடிவு வாழ்த்துக்குப் பின்னால் காற்புள்ளி கிடையாது.

படி 7: பேசுதல்

தயாரிக்க 15 நிமிடம் தருவார்கள். அகராதி கூடாது, குறிப்பு எழுதலாம். முழு வாக்கியமாக எழுதாதீர்கள், எழுதினால் படிப்பீர்கள். படித்தால் பேச்சு அல்ல என்று மதிப்பிடுபவருக்கு உடனே தெரியும்.

முதல் பணி இருவரும் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது; 28 மதிப்பெண். இங்கே இரண்டு எதிரெதிர்ப் பிழைகள். ஒன்று, தன் யோசனைகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பது. மற்றொன்று, பக்கத்தில் இருப்பவர் சொல்வதற்கெல்லாம் 'யா, கூட்' என்று தலையாட்டி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவது. யோசனை சொல்லுங்கள், ஒன்றையாவது காரணத்தோடு மறுங்கள், மாற்று சொல்லுங்கள், கடைசியில் யார் எதைச் செய்வது என்று முடிவுக்கு வாருங்கள். ஒருவேளை உங்கள் ஜோடி பதற்றத்தில் திணறினால் எளிய கேள்வி கேட்டுக் கை கொடுங்கள். அது உங்களுக்கும் மதிப்பெண்தான். என்ன ஆனாலும் இருவரும் மலையாளத்துக்குத் தாவிவிடாதீர்கள்.

இரண்டாவது, 40 மதிப்பெண் பெறும் சிற்றுரை. இரண்டு தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐந்து பக்கங்களை ஒட்டிப் பேச வேண்டும்: அறிமுகம், சொந்த அனுபவம், உங்கள் நாட்டில் நிலைமை, நன்மை தீமையும் உங்கள் கருத்தும், முடிவும் நன்றியும். மூன்றாவது பக்கத்தில்தான் பலர் இந்தியா பெரிய நாடு, மக்கள் அதிகம் என்று வெறுமையாகப் பேசிக் கடந்துவிடுகிறார்கள். நம்மிடம் சொல்ல எவ்வளவு இருக்கிறது! பிள்ளைகள் பல மொழி படிப்பது பற்றிய தலைப்பா? வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். கேரள அரசின் கீழேயே தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கிராம வாழ்க்கையா? ஆழியாற்றுத் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்க்கும் தென்னை விவசாயி, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பொள்ளாச்சியிலேயே தங்க வேண்டிய மாணவி. பண்டிகையா? ஓணத்தையும் பொங்கலையும் ஒரே தெருவில் கொண்டாடுகிறோம். இதையெல்லாம் பி1 சொற்களால் சொல்ல முடியும். இத்தகைய சொந்தச் செய்திகளை ஜெர்மனில் இப்போதே எழுதிப் பேசிப் பழகுங்கள். எந்தத் தலைப்புக்கும் அவற்றில் ஒன்று உதவும்.

மூன்றாவது பணிக்கு 16 மதிப்பெண். மற்றவரின் உரைக்கு ஒரு பாராட்டோ கருத்தோ சொல்லி, ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்களிடம் கேட்பதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். தன் உரையை நினைத்துப் பயந்துகொண்டே இருப்பதால் மற்றவர் பேசியதை யாரும் கேட்பதில்லை. அவர் பேசும்போது ஒரே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கேள்வி வரும்.

உச்சரிப்புக்கும் 16 மதிப்பெண் உண்டு. தமிழ் எழுத்தில் ஜெர்மன் உச்சரிப்பைக் குறித்து வைக்கும் பழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான். அடுமனையில் சுடுவதும் பெட்டியில் அடுக்குவதும் தமிழ் எழுத்தில் ஒரே 'பாக்கன்' ஆகிவிடும். ஜெர்மனில் முதலாவது பூட்டு என்று சொல்லும்போது வரும் ஒலியில் தொடங்காது, 'பஸ்' என்று சொல்லும்போது வரும் ஒலியில் தொடங்கும். மலையாள எழுத்தில் இந்த வேறுபாடு தெளிவாக உண்டு, தெலுங்கிலும் உண்டு. அந்த எழுத்து தெரிந்தவர்கள் அதில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் 'ட்' ஒலி நம் 'பட்டம்' போல நாக்கை மடித்து வருவது அல்ல. மலையாளிகள் 'காற்று' என்று சொல்லும்போது வரும் ற்ற ஒலிக்கு மிக அருகில் இருக்கிறது. எல்லையில் வளர்ந்தவர்களின் நாக்கு அதை ஏற்கெனவே அறியும்.

மெய்யில் முடியும் சொற்களுக்குப் பின்னால் ஓர் உகரத்தைச் சேர்ப்பது நம் இயல்பு. 'கூட்' என்பது 'கூட்டு' ஆகக் கூடாது. ஈ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ஊ போலக் குவித்தால் புள்ளி வைத்த ஊகாரம் வரும். ஏ என்று சொல்லி ஓ போலக் குவித்தால் புள்ளி வைத்த ஓகாரம். கண்ணாடி முன் நின்று பழகுங்கள். 'ஷோன்' என்றால் ஏற்கெனவே. புள்ளி வைத்தால் அழகான.

படி 8: தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

கோத்தே நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரித் தேர்வுகள் ஒலிப்பதிவோடு இலவசமாகக் கிடைக்கின்றன. கடைசி வாரத்தில் ஒன்றையாவது தேர்வு நேரத்திலேயே, இடைவெளி இல்லாமல் செய்து பாருங்கள். உங்கள் மையத்தில் தேர்வு தாளிலா கணினியிலா என்று முன்பே கேளுங்கள். கணினி என்றால் ஜெர்மன் விசைப்பலகையில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும். புள்ளி எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வையுங்கள்.

திருவனந்தபுரத்தில் தேர்வு என்றால், அமிர்தா எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து விடிந்ததும் தேர்வறைக்குப் போவதைத் தவிருங்கள். ஒரு நாள் முன்னதாகப் போய்த் தங்குங்கள். கோயம்புத்தூர் பக்கம்தானே என்று காலை பஸ்ஸை நம்புவதும் ஆபத்து. வாளையாரில் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பதிவு செய்தபோது கொடுத்த அடையாள ஆவணத்தின் அசல் கையில் இருக்கட்டும். கைப்பேசியும் ஸ்மார்ட் வாட்சும் அறைக்குள் கூடாது. அணைத்துப் பையில் வைத்திருந்தேன் என்ற விளக்கம் எடுபடாமல் போகலாம். முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.

முடிவு வந்ததும் தேறினோமா இல்லையா என்பதோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணையும் பாருங்கள். எழுதுதலில் 52 என்று வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு பணி முழுமையாகவில்லை என்று பொருள். அந்தப் பணி வகையை மட்டும் தினமும் ஒன்று எழுதி, திருத்தத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கேட்டலில் 40-க்கும் கீழே என்றால் மறுதேர்வுக்கு உடனே பணம் கட்டாதீர்கள். இரண்டு மாதமாவது தினமும் கேட்ட பிறகு பதிவு செய்யுங்கள். 55-க்கு மேல் எடுத்துத் தவறியவர்கள் அடுத்த தேதிக்கே பதிவு செய்துவிடலாம். இடங்கள் விரைவாக நிரம்பிவிடுவதால், பதிவு திறக்கும் நாளையும் நேரத்தையும் மையத்தில் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.